ஊருக்கு வந்தால் திரும்ப முடியுமா?

அமெரிக்காவில் முனைவர் பட்டத்துக்குப் படிக்கும் பிள்ளைகளின் வீடுகளில் நான்காம், ஐந்தாம் ஆண்டு வாக்கில் ஒரு கேள்வி எழும். "விசா முடியப்போகுதுன்னா அங்கேயே புதுப்பிச்சுக்க வேண்டியதுதானே?" பாஸ்போர்ட்டை அங்குள்ள இந்தியத் துணைத் தூதரகம் வழியாகப் புதுப்பிக்கிறார்கள். ஓட்டுநர் உரிமத்தை அந்தந்த மாநில அலுவலகத்தில் புதுப்பிக்கிறார்கள். விசாவுக்கு மட்டும் ஏன் கடல் தாண்டிப் பறந்து வர வேண்டும்? விவரம் தெரியாத பெற்றோரின் கேள்வி என்று இதைத் தள்ளிவிட முடியாது. அமெரிக்கக் குடிவரவுச் சட்டத்தின் நெடுநாளைய குறை ஒன்றை அது நேராகத் தொடுகிறது.

எஃப்-1 என்னும் மாணவர் விசாவை அமெரிக்க மண்ணில் இருந்தபடி புதுப்பிக்க வழி கிடையாது. நாட்டை விட்டு வெளியே போய், வேறொரு நாட்டிலுள்ள அமெரிக்கத் தூதரகத்தில் விண்ணப்பித்து, புதிய முத்திரை பெற்றுத்தான் திரும்ப வேண்டும். பழைய விசாவை நீட்டிப்பது என்ற பேச்சே இல்லை. ஒவ்வொரு முறையும் முதல் தடவை போலவே டிஎஸ்-160 படிவம், 185 டாலர் கட்டணம், கைரேகை, நேர்காணல் எல்லாம் உண்டு. மாணவர்கள் இதை 'ஸ்டாம்பிங்' என்பார்கள். "டிசம்பர்ல வரேன், ஸ்டாம்பிங் இருக்கு" என்று பிள்ளை போனில் சொன்னால், விடுமுறைக்கு வருகிற மகிழ்ச்சியோடு ஒரு பதற்றமும் அந்த வீட்டுக்குள் வந்துவிடுகிறது. 2024-25 கல்வியாண்டின் 'ஓப்பன் டோர்ஸ்' கணக்குப்படி அமெரிக்காவில் இந்திய மாணவர்கள் 3,63,019 பேர். வேறெந்த நாட்டு மாணவரையும்விட இது அதிகம். தமிழ்நாட்டுப் பிள்ளைகளில் பெரும்பாலோர் ஸ்டாம்பிங்குக்கு வந்து நிற்பது சென்னை அண்ணா மேம்பாலத்தை ஒட்டிய அமெரிக்கத் துணைத் தூதரகத்தில்.

சிக்கலின் வேர், அந்நாடு இரண்டு அனுமதிகளை இரண்டு துறைகளிடம் பிரித்துக் கொடுத்திருப்பதில் இருக்கிறது. விசா கொடுப்பது வெளியுறவுத் துறை. விமான நிலையத்தில் போய் இறங்கி, உள்ளே வர விண்ணப்பிப்பதற்கு மட்டுமே அது பயன்படும். உள்ளே விடுவதும், எத்தனை நாள் தங்கலாம் என்று தீர்மானிப்பதும் உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை. மாணவர் நாட்டுக்குள் நுழையும்போது ஐ-94 என்ற பதிவு உருவாகிறது. சுற்றுலாப் பயணியின் ஐ-94இல் வெளியேற வேண்டிய தேதி இருக்கும். மாணவருடையதில் அந்த இடத்தில் தேதிக்குப் பதிலாக 'டி/எஸ்' என்ற இரண்டு எழுத்துகள் இருக்கும். ஒழுங்காகப் படித்துக்கொண்டிருக்கும் வரை தங்கலாம் என்று அதற்குப் பொருள். அந்த ஒழுங்குக்குச் சான்று, பல்கலைக்கழகம் தரும் ஐ-20 படிவம்.

ஆகவே, உள்ளே இருக்கும் மாணவருக்கு விசா காலாவதியாவது சட்டப்படி ஒரு பொருட்டே இல்லை. மறுநாளும் அவர் வகுப்புக்குப் போகலாம், ஆய்வகத்தில் வேலை பார்க்கலாம், உதவித்தொகை வாங்கலாம், பட்டமும் பெறலாம். அவரிடம் ஒரு குற்றமும் இல்லை. ஆனால் தாய்க்கு உடம்பு முடியவில்லை என்று ஒரு வாரத்துக்கு ஊருக்கு வந்துவிட்டால், அவர் மறுபடி புதிய ஆளாக வாசலில் நிற்க வேண்டும். சந்நிதிக்குள் நிற்பவரை யாரும் வெளியேற்றுவதில்லை. ஒரு நிமிடம் வெளியே வந்தவர் வரிசையின் கடைசிக்குப் போக வேண்டும் என்பது போல.

அந்தத் தாள்களைக் கையில் வைத்துப் பார்த்தால் இது இன்னும் துலங்கும். விசா ஒட்டிய பக்கத்தின் கீழ்ப்பகுதியில் பல்கலைக்கழகத்தின் பெயரும் 'என்' என்ற எழுத்தில் தொடங்கும் ஓர் எண்ணும் அச்சாகியிருக்கும். அதே எண் ஐ-20இன் முதல் பக்கத்திலும் இருக்கும். செவிஸ் என்ற கணினித் தரவுத்தளத்தில் அந்த மாணவருக்குரிய எண் அது. ஐ-20இன் இரண்டாம் பக்கத்தில் பயணத்துக்கான ஒப்பம் இருக்கும். பல்கலைக்கழகத்தின் பொறுப்பு அலுவலர், இவர் எங்கள் மாணவர்தான், முறையாகப் படிக்கிறார் என்று உறுதி சொல்லி அங்கே கையெழுத்திடுவார். படிக்கும்போது அது ஓராண்டுக்குச் செல்லும். படிப்பு முடிந்து ஓபிடி என்ற பயிற்சிக் காலத்தில் வேலை பார்ப்பவருக்கு ஆறு மாதம். இவ்வளவும் சரியாக இருந்தும், எண் பொருந்தியும், ஒப்பம் புதிதாக இருந்தும், விசாவின் காலாவதித் தேதி தாண்டியிருந்தால் விமான நிறுவனம் ஏற்றாது. மாணவரை நன்றாக அறிந்த பல்கலைக்கழகத்தின் சொல் அந்த இடத்தில் எடுபடாது. ஜன்னலுக்கு அப்பால் இரண்டு மூன்று நிமிடம் மட்டும் அவரைப் பார்க்கப்போகிற தூதரக அதிகாரியின் சொல்தான் எடுபடும்.

இந்த அதிகாரம் தூதரகத்துக்கு எப்படி வந்தது? முதல் உலகப் போருக்கு முன்பு அமெரிக்காவுக்குப் போனவர்கள் கப்பலில் ஏறி, எல்லிஸ் தீவு போன்ற இடங்களில் இறங்கிச் சோதனைக்கு நின்றார்கள். போர்க்காலத்தில், 1917-18இல், பாதுகாப்பைக் காரணம் காட்டி விசா கட்டாயமானது. போர் முடிந்தும் அது போகவில்லை. 1924ஆம் ஆண்டின் குடிவரவுச் சட்டம் சோதனையைத் துறைமுகத்திலிருந்து தூக்கி, புறப்படும் நாட்டிலுள்ள தூதரக அதிகாரியின் மேசைக்கு மாற்றியது. கடல் கடந்து வந்தவரைத் திருப்பி அனுப்புவதைவிட, புறப்படும் முன்பே தடுப்பது மேல் என்பது அதற்குச் சொல்லப்பட்ட நியாயம். முதல் முறை வருகிறவர் விஷயத்தில் அது நியாயமும்கூட. ஏற்கெனவே வந்து, ஆண்டுக்கணக்கில் தங்கி, வாழ்க்கையைப் பாதி அங்கே விட்டுவிட்டு வந்தவர் விஷயத்தில் அந்த நியாயம் எப்படிப் பொருந்தும் என்று அன்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

கேட்க நேர்ந்த ஒருவர் இக்னாட்ஸ் மெசெய். நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ நகரில் 1923 முதல் 25 ஆண்டுகள் வாழ்ந்தவர். ருமேனியாவில் சாகக்கிடந்த தாயைப் பார்க்க 1948இல் புறப்பட்டார். ருமேனியா அவரை உள்ளே விடவில்லை. ஹங்கேரியில் 19 மாதம் மாட்டிக்கொண்டார். கடைசியில் புடாபெஸ்டிலுள்ள அமெரிக்கத் தூதரகத்தில் முறையாக விசா வாங்கிக்கொண்டு 1950 பிப்ரவரியில் நியூயார்க் வந்து இறங்கினார். பாதுகாப்புக் காரணம் என்று சொல்லி அவரை உள்ளே விட மறுத்தார்கள். அந்தக் காரணம் என்ன என்பதை அவரிடமோ நீதிமன்றத்திடமோ சொல்லவில்லை. பிரான்சும் பிரிட்டனும் அவரை ஏற்கவில்லை. லத்தீன் அமெரிக்க நாடுகளும் கைவிரித்தன. போக நாடும் இன்றி, நுழைய அனுமதியும் இன்றி எல்லிஸ் தீவிலேயே கிடந்தார்.

1953இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அரசின் பக்கம் தீர்ப்பளித்தது. 25 ஆண்டு அந்த மண்ணில் வாழ்ந்தவரானாலும், வெளியே போய்விட்டு வந்ததால் அவர் வாசலில் நிற்கும் புதியவருக்குச் சமம் என்பது தீர்ப்பின் சாரம். நீதிபதி ராபர்ட் ஜாக்சன் கடுமையான மாற்றுத் தீர்ப்பு எழுதினார். அடுத்த ஆண்டு மெசெய் தற்காலிக அனுமதியில் விடுவிக்கப்பட்டார். ஆனால் அவர் வழக்கில் எழுதப்பட்ட கோட்பாடு நிலைத்துவிட்டது. இன்று ஸ்டாம்பிங்குக்கு வரும் மாணவரின் நிலைமை மெசெய் பட்ட பாட்டோடு ஒப்பிடக்கூடியதில்லை. ஆனாலும் இருவர் காலடியிலும் இருப்பது அதே கோட்பாடுதான். உள்ளே இருப்பவருக்குச் சட்டத்தின் காப்பு உண்டு. எல்லைக்கோட்டைத் தாண்டிய கணமே அது கரைந்துபோகிறது.

நீதிமன்றம் எப்போதும் இப்படியே இருந்ததும் இல்லை. 1963இல் ஃப்ளூட்டி என்ற சுவிட்சர்லாந்துக்காரரின் வழக்கு வந்தது. நிரந்தர வசிப்புரிமை பெற்ற அவர் சில மணி நேரம் மெக்சிகோவுக்குப் போய்த் திரும்பியிருந்தார். இவ்வளவு சிறிய, உள்நோக்கமற்ற பயணத்தை நாட்டைவிட்டுப் போனதாகவே கொள்ளக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. என் பார்வையில் இதுவே மனிதர் வாழும் முறைக்குப் பொருந்திய தீர்ப்பு. மாணவர் விதிகளில் அதன் சாயல் ஒரே ஓர் இடத்தில் தென்படுகிறது. விசா காலாவதியானவர்கூட, கனடா, மெக்சிகோ, அல்லது கியூபா நீங்கலான அண்டைத் தீவுகளுக்குப் போய் 30 நாட்களுக்குள் திரும்பினால், செல்லுபடியாகும் ஐ-20, ஐ-94 ஆகியவற்றைக் காட்டி உள்ளே வரலாம். விசா தானாகவே புதுப்பிக்கப்பட்டதாகக் கருதப்படும். டொராண்டோவில் நடக்கும் கருத்தரங்குக்குப் போகிற மாணவருக்கு இது பெரிய உதவி. ஆனால் 2002 முதல் இதில் ஒரு கத்தி தொங்குகிறது. அந்தப் பயணத்தின்போது அங்குள்ள அமெரிக்கத் தூதரகத்தில் புதிய விசாவுக்கு விண்ணப்பித்துவிட்டால் இந்தச் சலுகை போய்விடும். விசா வந்தால் திரும்பலாம். வராவிட்டால் 30 நாள் கணக்கு பேசி உள்ளே வர முடியாது. மதுரைக்கோ யாழ்ப்பாணத்துக்கோ வர வேண்டியவருக்கு இந்தச் சலுகை எந்த வகையிலும் உதவாது.

தூதரகத்தில் என்ன நடக்கிறது என்பதை அடுத்துப் பார்க்க வேண்டும். 1952ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டத்தின் 214(பி) பிரிவு, விண்ணப்பிப்பவர் நிரந்தரமாகக் குடியேறவே வருகிறார் என்று முதலில் எடுத்துக்கொள்ளச் சொல்கிறது. அப்படி இல்லை, படித்து முடித்துத் திரும்பிவிடுவேன் என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு மாணவருடையது. 22 வயதில் கிளம்பும்போது இதை மெய்ப்பிப்பது எளிது. வீடு, பெற்றோர், நண்பர்கள் எல்லாம் இங்கே. ஐந்து ஆண்டு கழித்து அதே ஜன்னலுக்கு வருகிறவருக்கு வங்கிக் கணக்கு, வாடகை வீடு, ஆய்வு, சில நேரம் வாழ்க்கைத்துணை என எல்லாமே அங்கே. நன்றாகப் படித்து, அந்த ஊரில் வேரூன்றி, நல்ல பெயர் எடுத்த மாணவருக்குத்தான் இந்தக் கேள்விக்கு விடை சொல்வது கடினம். ஓபிடியில் வேலைக்குச் சேர்ந்தவர் பாடு இன்னும் மோசம். அறிவியல், பொறியியல் படித்தோருக்கு மேலும் 24 மாதம் வேலை பார்க்க 2016 முதல் அரசே அனுமதி தருகிறது. அதே அரசின் இன்னொரு துறை, வேலை பார்க்கிறாயே, ஊர் திரும்பும் எண்ணம் உண்டா என்று கேட்கிறது.

214(பி)யில் மறுத்தால் மறுப்பு என்றாவது தெரிந்துவிடும். மாணவர்கள் அதைவிட அஞ்சுவது 221(ஜி)யை. கூடுதல் பரிசீலனை தேவை, காத்திருங்கள் என்பது அதன் பொருள். எத்தனை நாள் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். செமிகண்டக்டர், அணுவியல், வேதிப்பொறியியல், செயற்கை நுண்ணறிவு போன்ற துறைகளில் ஆய்வு செய்பவர்களுக்கு இது சகஜம். ஆய்வுச் சுருக்கத்தையும் வழிகாட்டிப் பேராசிரியரின் விவரத்தையும் வாங்கி வாஷிங்டனுக்கு அனுப்புவார்கள். நேர்காணலுக்கு அவசரத் தேதி கேட்டு வாங்கலாம். இந்தப் பரிசீலனையை அவசரப்படுத்த வழியில்லை. இங்கே ஒரு மாதம் கழியும்போது அங்கே செமஸ்டர் தொடங்கியிருக்கும். வாடகை ஏறிக்கொண்டே இருக்கும். ஆசிரிய உதவியாளர் இடத்தைத் துறை வேறொருவருக்குக் கொடுத்துவிடக்கூடும். ஐந்து மாதம் தாண்டினால் விஷயம் முற்றிவிடும். அதற்கு மேல் வெளிநாட்டில் இருந்தால் அது தற்காலிகப் பயணம் ஆகாது. பழைய மாணவர் பதிவு முடிந்து, புதிய ஐ-20யோடு முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

இந்தத் தாமதத்தை ஒரு முறை முறையாக அளந்திருக்கிறார்கள். 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பின் 'விசாஸ் மேன்டிஸ்' என்ற பாதுகாப்புச் சோதனை அறிவியல் மாணவர்கள் மீது இறுகியது. அமெரிக்க நாடாளுமன்றத்துக்குப் பொறுப்பான தணிக்கை அலுவலகம் 2003 ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான விண்ணப்பங்களில் சிலவற்றை எடுத்து ஆராய்ந்தது. இந்தச் சோதனை முடிந்து தூதரகத்துக்குத் தகவல் வரச் சராசரியாக 67 நாள் ஆனதை 2004 பிப்ரவரியில் வெளியிட்டது. பல்கலைக்கழகங்கள் கொதித்தெழுந்தன. ஆட்களைக் கூட்டினார்கள், துறைகளுக்கு இடையே கணினித் தொடர்பைச் சீர்செய்தார்கள், எந்த விண்ணப்பத்தை அனுப்ப வேண்டும் என்பதைத் தெளிவாக்கினார்கள். 2004 நவம்பரில் சராசரி சுமார் 15 நாளாகக் குறைந்தது. பாதுகாப்பு தளர்ந்ததாக யாரும் சொல்லவில்லை. அந்த 52 நாளும் வீணான காத்திருப்பு என்பதைத்தான் இந்தக் கணக்கு காட்டுகிறது. மனம் வைத்தால் குறைக்கலாம் என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைக்காது.

அதே 2004இல் இன்னொன்றும் நடந்தது. அதை மாணவர் உலகம் அவ்வளவாகக் கவனிக்கவில்லை. அதுவரை ஹெச்-1பி, எல் போன்ற பணி விசாக்காரர்கள் அமெரிக்காவில் இருந்தபடியே பாஸ்போர்ட்டை வெளியுறவுத் துறைக்குத் தபாலில் அனுப்பி விசாவைப் புதுப்பித்துக்கொள்ள முடிந்தது. விசா வாங்குவோர் கைரேகை தர வேண்டும் என்று 2002ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்ததாலும், தபாலில் கைரேகை எடுக்க முடியாது என்பதாலும், 2004 ஜூலையோடு அது நின்றது. இருபது ஆண்டு கழித்து, 2024 ஜனவரி இறுதி முதல் ஏப்ரல் தொடக்கம் வரை, 20,000 விண்ணப்பங்கள் என்ற வரம்போடு ஒரு முன்னோட்டம் நடந்தது. இந்தியாவிலோ கனடாவிலோ குறிப்பிட்ட காலத்தில் விசா வாங்கிய ஹெச்-1பி பணியாளர்கள் நாட்டை விட்டுப் போகாமலே புதுப்பிக்க அனுமதி கிடைத்தது. கைரேகை ஏற்கெனவே அரசிடம் இருந்ததால் மறுபடி கேட்கவில்லை, நேர்காணலும் வைக்கவில்லை. மாணவர்கள் 2004க்கு முன்பும் இதில் சேர்க்கப்படவில்லை, 2024லும் சேர்க்கப்படவில்லை.

அரசியல் காற்று மாறும்போதெல்லாம் அடி விழுவது பயணத்தில் இருக்கும் மாணவர் மேல்தான். 2017 ஜனவரி 27 அன்று ஏழு நாட்டவரின் நுழைவைத் தடுத்து அதிபர் ஆணை வந்தது. செல்லுபடியாகும் விசா வைத்திருந்த மாணவர்கள்கூட விமான நிலையங்களில் தடுத்து நிறுத்தப்பட்டார்கள். சியாட்டில் நீதிபதி ஜேம்ஸ் ரொபார்ட் ஒரு வாரத்தில் அதை நிறுத்திவைத்தார். மேல்முறையீட்டில் ஒரு கேள்வி எழுந்தது: வழக்குத் தொடர மாநிலங்களுக்கு என்ன உரிமை? எங்கள் அரசுப் பல்கலைக்கழகங்களின் மாணவர்களும் ஆசிரியர்களும் திரும்ப முடியாமல் நிற்கிறார்கள், அது எங்களுக்கு நேர்ந்த நட்டம் என்று வாஷிங்டன், மினசோட்டா மாநிலங்கள் வாதிட்டன. நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. வெளியே நிற்கும் மாணவரின் இழப்பு உள்ளே இருக்கும் நிறுவனத்தின் இழப்பும்தான் என்று பதிவானது அந்த வழக்கின் பெரும்பயன். விசா மறுக்கப்பட்டவர் தானே நீதிமன்றம் போக அநேகமாக வழியில்லை. 1972இன் மேண்டல் வழக்கும் 2024இன் முனியோஸ் வழக்கும் தூதரக அதிகாரியின் முடிவை நீதிமன்றங்கள் பெரும்பாலும் தொடுவதில்லை என்பதை உறுதிசெய்திருக்கின்றன.

2020 மார்ச்சில் தொற்றுக்காலம் வந்தபோது உலகெங்கும் தூதரகங்கள் வழக்கமான விசா வேலையை நிறுத்தின. அப்போது ஐந்து மாத விதி தளர்த்தப்பட்டது. வெளிநாட்டில் இருந்தபடி இணையத்தில் படித்தவர்களின் மாணவர் பதிவு காக்கப்பட்டது. ஒரு விதியை எப்படி இரக்கத்தோடு வளைக்கலாம் என்பதற்கு அது முன்மாதிரி. அடுத்த சில ஆண்டுகளில் 'டிராப்பாக்ஸ்' என்று மாணவர்கள் அழைத்த நேர்காணல் விலக்கும் பரவலானது. பழைய விசா முடிந்து 48 மாதத்துக்குள் அதே வகை விசா கேட்பவர் தாள்களைப் போட்டுவிட்டு வந்தால் போதும் என்ற நிலை இருந்தது.

2025இல் கதவு ஒவ்வொன்றாக மூடியது. பிப்ரவரியில் 48 மாதம் 12 ஆனது. மே இறுதியில் புதிய மாணவர் நேர்காணல்களுக்குத் தேதி கொடுப்பதையே நிறுத்தினார்கள். ஜூன் நடுவில் மறுபடி தொடங்கியபோது, சமூக ஊடகக் கணக்குகளை எல்லாரும் பார்க்கும்படி திறந்து வைக்க வேண்டும் என்ற நிபந்தனை சேர்ந்தது. செப்டம்பர் 2 முதல் மாணவர்களுக்கு டிராப்பாக்ஸ் இல்லை. அதே மாதம் வந்த இன்னொரு அறிவிப்பு, சொந்த நாட்டிலோ வசிக்கும் நாட்டிலோதான் விண்ணப்பிக்க வேண்டும் என்றது. கனடாவுக்கோ மெக்சிகோவுக்கோ போய் ஒரு வாரத்தில் முத்திரை வாங்கித் திரும்பலாம் என்று கணக்குப் போட்டவர்களின் வழி அதோடு அடைபட்டது. இடையில், அந்த ஆண்டின் வசந்தகாலத்தில், ஆயிரக்கணக்கான மாணவர்களின் செவிஸ் பதிவுகள் திடீரென ரத்தாகி, நீதிமன்றங்களில் வழக்குகள் குவிந்த பிறகு மீட்கப்பட்டன. போக்குவரத்து விதிமீறல் போன்ற சில்லறைக் காரணத்துக்காகப் பதிவை இழந்தவர்களும் அவர்களில் இருந்தார்கள். ஐ-94இல் இருக்கும் 'டி/எஸ்' ஏற்பாட்டையே எடுத்துவிட்டு நான்கு ஆண்டு உச்சவரம்பு வைக்கும் திட்டத்தையும் ஆகஸ்டில் உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை முன்வைத்தது. ஐந்து, ஆறு ஆண்டு பிடிக்கும் முனைவர் படிப்புக்கு அது பேரிடி.

பிற நாடுகள் இதை எப்படிக் கையாள்கின்றன? ஜப்பானில் வசிப்பு அட்டை உள்ள மாணவர், ஓராண்டுக்குள் திரும்புவேன் என்று விமான நிலையத்தில் குறித்துக்கொடுத்துவிட்டுப் போனால், அனுமதிக் காலம் இருக்கும் வரை புதிய விசா இல்லாமலே திரும்பலாம். 2012 முதல் இதுதான் நடைமுறை. ஜெர்மனியில் அனுமதி முடியும் முன் நீட்டிப்புக்கு விண்ணப்பித்தவருக்கு, பழைய அனுமதி தொடர்கிறது என்று ஒரு சான்று தருகிறார்கள்; அதை வைத்துக்கொண்டு வெளியே போய்வரலாம். கனடாவில் நுழைவு விசாவை உள்ளே இருந்தே இணையத்தில் விண்ணப்பித்து, பாஸ்போர்ட்டை அனுப்பிப் பெறலாம். பிரிட்டனில் உள்ளிருந்தே நீட்டிக்கலாம் என்றாலும், முடிவு வருமுன் நாட்டை விட்டுப் போனால் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றதாகக் கொண்டுவிடுவார்கள். அங்கே படிப்பவர்கள் இதை மறக்கவே கூடாது. இந்த நாடுகளும் குடிவரவு விஷயத்தில் தாராளமானவை இல்லை. ஆனாலும் முறையாகப் படித்துக்கொண்டிருப்பவரை, ஊருக்குப் போய் வந்தார் என்பதற்காகவே முதலிலிருந்து விசாரிப்பதில்லை.

அமெரிக்கத் தரப்பின் வாதம், ஒவ்வொரு நுழைவும் புதிய ஆபத்து, ஆகவே புதிய சோதனை வேண்டும் என்பது. அதை எடுத்தெறிந்து பேச நான் விரும்பவில்லை. எந்த நாட்டுக்கும் தன் வாசலைக் காக்கும் உரிமை உண்டு. ஆனால் அந்நாட்டிலுள்ள வெளிநாட்டவரில் மாணவர் அளவுக்குத் தொடர்ந்து கண்காணிக்கப்படுபவர் எவரும் இல்லை. 2003 முதல் செவிஸ் நடைமுறையில் இருக்கிறது. ஒவ்வொரு பருவத்திலும் அவர் பதிவு செய்தாரா என்பதைப் பல்கலைக்கழகம் அறிவிக்க வேண்டும். வீடு மாறினால் பத்து நாளில் தெரிவிக்க வேண்டும். பாடச்சுமை குறைந்தால் அனுமதி வாங்க வேண்டும். சந்தேகம் வந்தால் எந்த நேரத்திலும் விசாவை ரத்து செய்யும் அதிகாரம் அரசிடம் இருக்கிறது. உள்ளே இருக்கும்போது இவ்வளவு தெரிந்து வைத்திருப்பவர்கள், அவர் சென்னைக்கு வந்த பிறகுதான் அவரைப் பற்றிப் புதிதாக ஏதோ அறியப்போகிறார்கள் என்பது நம்பும்படி இல்லை.

கணக்கில் வராத இழப்பு வேறு இருக்கிறது. விசா முடிந்த மாணவர்கள் பலர் ஊருக்கே வருவதில்லை. அக்கா கல்யாணத்துக்கு வருவதில்லை. பாட்டி படுத்த படுக்கையானாலும் வருவதில்லை. தகப்பன் இறந்து, கொள்ளி வைக்க வேண்டிய மகன் அறையில் உட்கார்ந்து வீடியோ அழைப்பில் பார்த்துக்கொண்டிருக்க, சித்தப்பா மகன் சடங்கைச் செய்து முடிக்கிறான். யாரும் தடுத்து வைக்கவில்லை. விமானம் இருக்கிறது, பணமும் புரட்டிவிடலாம். திரும்ப முடியாமல் போனால் ஐந்து ஆண்டு உழைப்பு போகும் என்ற ஒரே பயம்தான் அவனைக் கட்டிப்போடுகிறது. "வந்துடாதப்பா, படிப்பைப் பாரு" என்று அந்த வீட்டில் அம்மாவே சொல்ல வேண்டியிருக்கிறது. எந்தத் தணிக்கை அறிக்கையிலும் இது ஏறாது. நான் இந்த விதியைக் கொடுமையானது என்று சொல்வது இதனால்தான்.

இந்த நிலை மாறும்வரை பயணம் திட்டமிடும் மாணவர்கள் சிலவற்றை மனத்தில் கொள்ள வேண்டும். டிக்கெட் போடும் முன் விசாவின் தேதியையும் ஐ-20இன் பயண ஒப்பத்தையும் பாருங்கள். விசா முடிந்திருந்தால், நேர்காணல் தேதி கைக்கு வந்த பிறகே கிளம்புங்கள். டிசம்பர் விடுமுறையைவிட மே, ஜூன் நல்லது. தாமதமானாலும் வகுப்பு தொடங்க இடைவெளி இருக்கும். ஆய்வுச் சுருக்கம், பேராசிரியரின் கடிதம், மதிப்பெண் பட்டியல், உதவித்தொகைக் கடிதம் எல்லாவற்றையும் கையோடு எடுத்து வாருங்கள். மாட்டிக்கொண்டால் என்ன செய்வது என்று பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்திடமும் வழிகாட்டிப் பேராசிரியரிடமும் போகும் முன்பே பேசி வையுங்கள். இணையவழியில் ஆய்வைத் தொடரலாமா, உதவித்தொகை நிற்குமா என்பதை எழுத்தில் வாங்குங்கள். பெற்றோருக்கு ஒன்று: பிள்ளை வரத் தயங்கினால் பாசம் குறைந்துவிட்டது என்று எண்ணாதீர்கள்.

தனிமனித எச்சரிக்கையால் மட்டும் இது தீராது. உயர்கல்விக்காகத் தன் மாணவர்களை இத்தனை பெரிய எண்ணிக்கையில் அனுப்பும் நாடு என்ற முறையில், இந்திய அரசு இதை இருதரப்புப் பேச்சுகளில் வெளிப்படையாக எழுப்ப வேண்டும். பணியாளர்களின் ஹெச்-1பி பற்றிப் பேசும் அதே மேசையில் எஃப்-1ஐயும் வைக்க வேண்டும். அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் 2004இலும் 2017இலும் குரல் கொடுத்தபோது பலன் கிடைத்தது. மறுபடி கொடுக்க வேண்டும். கேட்க வேண்டியது பெரிதொன்றும் இல்லை. கைரேகை ஏற்கெனவே கோப்பில் இருக்கிற, செவிஸ் பதிவில் ஒரு குறையும் இல்லாத மாணவர், அமெரிக்காவில் இருந்தபடியே விசாவைப் புதுப்பிக்க வழி வேண்டும். ஹெச்-1பிக்கு அதைச் செய்து பார்த்தாகிவிட்டது. மாணவருக்கும் செய்ய நாடாளுமன்றம் கூடிப் புதிய சட்டம் போட வேண்டியதில்லை. வெளியுறவுத் துறை தன் விதியைத் திருத்தினாலே போதும்.